சுரைக்காயில் விரிசல்: எந்தப் பசை?

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. தண்டியின் அடியில் இருக்கும் சுரைக்காய் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது: முன்பு நிஜச் சுரைக்குடுக்கை, பிறகு காகிதக்கூழ், இப்போது பல வீணைகளில் ஃபைபர்கிளாஸ். வாசிப்பவரின் இடது தொடையில் தங்குவதும், வீணையைத் தூக்கும்போது கதவில் இடிபடுவதும் அதுதான். விரிசல் விட்டால் எல்லோரும் கேட்பது, எந்தப் பசை வலுவானது என்று. கேள்வியே பிசகு. ஃபைபர்கிளாஸின் வலு கண்ணாடி இழைகளில் இருக்கிறது. ரெசின் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். விரிசல் ஆழமாக ஓடியிருந்தால் இழையும் அறுந்திருக்கும். பசை ரெசினுக்கு மாற்றாகலாம், இழைக்கு ஆகாது. விரலால் அழுத்தும்போது விரிசலின் இரு ஓரமும் தனித்தனியே அசைந்தால் இழை அறுந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

அசையாத மேற்பூச்சுக் கீறலுக்கு ஃபெவிக்விக் போதும். அது நீர்போல உள்ளே இறங்கும். ஆனால் இடைவெளியை நிரப்பாது, இறுகியபின் இடி தாங்காது. சில்லு பெயர்ந்த பள்ளத்தை எம்-சீல் நிரப்பும். அதிலும் இழை இல்லை. ஆழமான விரிசலுக்குக் கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸியும்தான் சரி. உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி (முகமூடி அவசியம்), அசிட்டோனால் துடைத்து, விரிசலுக்கு இருபுறமும் இரண்டு விரற்கடை தாண்டும்படி துணியை ஒட்ட வேண்டும். நெய்த துணியாக இருக்கட்டும். நறுக்கிய இழைகளைப் பரப்பிச் செய்த ‘மேட்’டைப் பிணைக்கும் பொருள் பாலியஸ்டர் ரெசினில் கரையும். எபாக்ஸியில் பெரும்பாலும் கரையாது, மேட் விறைத்தே நிற்கும்.

சுரைக்காயே பாலியஸ்டர் ரெசினில் வார்த்தது, இனம் இனத்தோடு சேராதா என்று கேட்கலாம். இறுகிவிட்ட பழைய ரெசின் புதியதோடு கலந்து ஒன்றாவதில்லை. புதியது அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதில் எபாக்ஸி கெட்டி, இறுகும்போது சுருங்குவதும் குறைவு. பாலியஸ்டர் விலை மலிவு என்பது உண்மை. பெரிய ஓட்டையை மேட் வைத்து அடைக்க அது உதவும். ஆனால் வாடை கடுமை. அதை இறுகச் செய்யச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும் அபாயமும் உண்டு. வீட்டு வேலைக்கு அது வேண்டாம். ஒட்டுப்போட்டால் நாதம் கெடுமே என்ற அச்சத்துக்கும் பெரிய ஆதாரமில்லை: வீணையின் நாதத்தைப் பெரும்பாலும் தண்டியின் மறுமுனையில் உள்ள பெரிய குடமே தருகிறது. ஒட்டாமல் விட்ட விரிசலின் ஓரம் அதிர்ந்து கரகரப்பதுதான் காதை உறுத்தும்.

எபாக்ஸிக்கு அரால்டைட் வாங்கினால் நிதானமாக இறுகும் வகையைக் கேளுங்கள். ஐந்து நிமிட வகை, துணி முழுதும் நனைவதற்குள் கட்டியாகிவிடும். கெட்டியாக இருந்தால் கலக்கும் முன் இரு குழாய்களையும் சற்றுநேரம் வெந்நீரில் போட்டு வையுங்கள்.