கடைசித் தெருவுக்கும் ஒரு குடம்

இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் நமக்குத் தண்ணீர் பற்றிப் பாடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். முக்கொம்பில் காவிரி பிரிந்து வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓட, நடுவே ஸ்ரீரங்கம் இருக்கிறது. ஆனால் மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாளே ஜூன் 12. அதற்கு முந்தைய கோடையில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குக் கீழே மணல் தெரிவதை எத்தனையோ ஆண்டுகள் பார்த்துவிட்டோம். நம் குழாயில் வருவது அந்த மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீர்தான். ஆற்றுப் படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்து அதை இறைத்து, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றித் தெருக்களுக்கு விடுகிறார்கள்.

தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் வேகமாக வரும் தண்ணீர், கடைசித் தெருவில் நூல் போல வரும். இடையில் நாலு வீட்டில் குடிநீர் இணைப்பிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால் அந்த நூலும் அறுந்துவிடும். இது சட்டப்படி தவறு; மோட்டாரைப் பறிமுதல் செய்யவும் இடம் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், அது அண்டை வீட்டாரின் ஹக். இன்னொரு கேடும் இருக்கிறது. மோட்டார் இழுக்கும்போது, பூமிக்குள் எங்காவது வெடித்திருக்கும் குழாய் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும். மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் இப்படியும் பரவும். தானாக வரும் தண்ணீரைத் தரைக்குக் கீழுள்ள சம்ப்பில் விழவிட்டு, அங்கிருந்து மாடிக்கு ஏற்றுவதுதான் முறை.

இனி வீட்டுக்குள் வருவோம். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். அது எங்கே போகிறது என்று அளந்து பார்த்தவர்கள் குறைவு. ஒரு நாள் ஒளு செய்யும்போது குழாய்க்கு அடியில் வாளியை வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 12 லிட்டர். ஐந்து வேளைக்கு 60. 135-இல் ஏறக்குறைய பாதி! நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. ஹனஃபி மத்ஹபின் கணக்கை எடுத்தாலும் அது சுமார் ஒரு லிட்டர்தான். உடனே ஒரு லிட்டருக்கு வர முடியாதென்றால், ஒரு மக்கில் பிடித்துவைத்துச் செய்து பழகலாம். பிள்ளைகளுக்கு மதரஸாவில் ஒளுவின் ஃபர்ளுகளைச் சொல்லித்தரும்போதே இதையும் பழக்கிவிடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத செலவு கழிப்பறையில் இருக்கிறது. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் இருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விட்டது. இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. சொட்டும் குழாயும் அப்படித்தான். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல். சில ரூபாய் வாஷருக்காக மாதக்கணக்கில் 'பிளம்பர் வரட்டும்' என்று விட்டுவிடுகிறோம். ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் அது கழித்துவிடும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்கு வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. அன்று போட்ட குழாய் பல வீடுகளில் இன்று தெருச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர், 20 மி.மீ. மழை ஒன்றே 1,800 லிட்டருக்கு மேல் தரும். திருச்சிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அதற்குள் மொட்டைமாடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைந்த சருகை எடுத்து, வடிகட்டும் குழியின் கூழாங்கல்லையும் மணலையும் அலசிப் போட்டுவிடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து கிணற்றுக்கோ போர்வெல் பக்கத்துக் குழிக்கோ திருப்பினால் போதும்.