கிறிஸ்துமஸ் ஷாப்பிங்: திருவண்ணாமலையில் ஒரு மழை மூட்ட நாள் கத்துத்தரும் கணக்கு

சம்பளக்காரங்களுக்கு கிறிஸ்துமஸ்ல ஒரு தனிச் சிக்கல் இருக்கு. தீபாவளின்னா பல கம்பெனியில போனஸ் வரும். பொங்கல் மாசப் பாதியில வரும், கையில கொஞ்சம் மிச்சம் இருக்கும். கிறிஸ்துமஸ் வர்றது 25-ம் தேதி. ஒண்ணாம் தேதி வந்த சம்பளம் வாடகை, இஎம்ஐ, மளிகைன்னு போய் அக்கவுன்ட் காத்து வாங்குற நேரம் அது. கிரெடிட் கார்டு வெளியே வர்றது அதனாலதான்.

திருவண்ணாமலையை எடுத்துக்குவோம். கோயில் ஊர்ல கிறிஸ்துமஸ் ஷாப்பிங்கான்னு கேக்காதீங்க, டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிற ஊர் இது. 2025-ல் கார்த்திகை தீபம் டிசம்பர் 3-ல் வந்தது. மலை உச்சியில் தீபம் 11 நாள் எரியும். அது முடிஞ்சதுக்கு அப்புறம் அடுத்த பௌர்ணமி ஜனவரி 3-ல்தான். நடுவுல ஒரு வார நாள், மேகம் இறங்கி மலையே தெரியாம, லேசா தூறிக்கிட்டு இருந்தா தேரடி வீதிக்குப் போங்க. கடைக்காரருக்கு உங்களோட பேச நேரம் இருக்கும். நாலு கடை ஏறி இறங்கலாம். "கையில காசு கொடுத்தா என்ன விலை?"ன்னு கூச்சப்படாம கேக்கலாம். "இன்னும் 2 மணி நேரம்தான் ஆஃபர்"னு யாரும் விரட்ட மாட்டாங்க. (குடை எடுத்துட்டுப் போங்க, அங்க போய் புதுசு வாங்கினா அதுவும் செலவுதான்.)

பில்லையும் பாருங்க. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து ரெடிமேட் துணிக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5%, அதுக்கு மேல போனா 18%. கேக், பிஸ்கட் 18%-ல இருந்து 5%-க்கு இறங்கியிருக்கு. வரிக்கு முன்னாடி 2,500 ரூபாய் சட்டை, வரியோட 2,625. அதே 2,600 ரூபாய் சட்டை 3,068! 100 ரூபாய் வித்தியாசம் பில்லுல 443 ஆகுது.

அடுத்து, 'நோ காஸ்ட்' இஎம்ஐ. 24,000 ரூபாய் போன், 6 மாசம், மாசம் 4,000. வட்டியே இல்லாத மாதிரி தெரியும். ஆனா 15% வட்டின்னு வைங்க: கடையோ வெப்சைட்டோ ஏறக்குறைய 1,016 ரூபாயைத் தள்ளுபடியாக் கழிக்கும், பேங்க் அதையே வட்டியா வசூலிக்கும். கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 183 ரூபாய். பிராசசிங் கட்டணம் 199-ன்னா வரியோட 235. ஆக, 'நோ காஸ்ட்'டோட காஸ்ட் 418 ரூபாய். சும்மா கிடைக்கிற கடன்னு ஒண்ணு இல்லை. 0% வட்டிங்கிற பேச்சே சரியில்லைன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிடுச்சு.

418 ரூபாய் தாங்கும். தாங்காதது, கார்டு பில்லுல 'மினிமம் டியூ' மட்டும் கட்டுறது. பல கார்டுல வட்டி மாசம் 3.5% அளவுக்குப் போகும், அது மேல ஜிஎஸ்டி வேற. 20,000 பாக்கின்னா மாசம் 826 ரூபாய். பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. 22-ம் தேதி வாங்கின கிறிஸ்துமஸ் டிரெஸ்ஸும் ஜனவரியில வாங்குற பொங்கல் துணியும் பல பேருக்கு ஒரே பில்லுலதான் வந்து நிக்கும்.

வழி என்ன? ஊர்ல கேட்டா 'பண்டிகைச் சீட்டு'ன்னு சொல்வாங்க. பதிவு பண்ணாத ஆள்கிட்ட போடாதீங்க. செய்யாறு பக்கம் தீபாவளிச் சீட்டுல பணத்தை விட்டவங்களைக் கேட்டா கதை கதையாச் சொல்வாங்க. சலிப்பான ஆனா பத்திரமான வழி பேங்க் ஆர்டி. மாசம் 1,500, 12 மாசம், 6% வட்டின்னா 18,000-க்கு மேல ஏறக்குறைய 600 சேரும். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருஷத்துக்கு உரியது, இதுக்கு ஒத்து வராது.

தேதியில மட்டும் கோட்டை விடாதீங்க. புது வருஷத்துல இருந்து ஆரம்பிக்கலாம்னு ஜனவரி 5-ல் போட்டா, பணம் அடுத்த ஜனவரி 5-ல் வரும், பண்டிகை முடிஞ்சிருக்கும். டிசம்பர் சம்பளம் வந்ததும் 5-ம் தேதியே போடுங்க. அடுத்த டிசம்பர் 5-ல் கையில இருக்கும், தேரடி வீதிக்குப் போக இன்னும் 20 நாள் மிச்சம் இருக்கும்.