"நோ ரிட்டர்ன்" என்று போட்டுட்டா பொறுப்பு முடிஞ்சுதா? ஆன்லைன் ஷாப்பிங்கும் இஸ்லாமிய வணிக நெறியும்

ஹலால் முதலீடு பத்தி வீடியோ போட்டாலே வட்டி பத்தித்தான் அதிகம் கேக்குறீங்க. ஆனா மாசாமாசம் நம்ம பணம் போற இன்னொரு இடம் ஆன்லைன் ஷாப்பிங். அதுக்கும் ஷரீஅத்தில் தெளிவான விதிகள் இருக்கு. நம்ம நாட்டுச் சட்டமும் இருக்கு. இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

ஒரு உதாரணம். "சுத்தமான பட்டு, 3,500 ரூபாய்" என்று ஒரு பேஜ்ல புடவை. பணம் அனுப்பிட்டீங்க. வந்தது பாலியஸ்டர். கேட்டா, "நோ ரிட்டர்ன்னு கீழே போட்டிருக்கோமே" என்கிறார்கள். இப்போ என்ன செய்யலாம்?

பார்க்காத பொருளை வாங்கலாமா?

என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பணத்தை மாட்டிவிடும் நிலைக்கு 'கரர்' என்று பெயர். அதைத் தடுக்கத்தான் விதிகள். ஹனஃபி மத்ஹபில் பார்க்காமல் வாங்கலாம்; பொருளைப் பார்த்த பிறகு ஏற்கவோ மறுக்கவோ வாங்கினவருக்கு உரிமை உண்டு. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்து இன்னும் கண்டிப்பானது: ஒரு குறிப்பிட்ட பொருளைப் பார்க்காமல் வாங்கும் வியாபாரம் செல்லாது. ஆனா தரம், அளவு, தேதி எல்லாம் தெளிவாகச் சொல்லி, முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்கும் 'ஸலம்' முறைக்கு அனுமதி உண்டு. வழி வேற, நோக்கம் ஒண்ணுதான். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விற்றவர் சொன்ன விவரம்தான் வாங்குபவருக்குக் கண்.

மூணு நிலைமையைப் பிரிச்சுப் பாருங்க

1. பொருளில் குறை. குறையை மறைத்து விற்றிருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. இதுதான் 'கியாருல் ஐப்'. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கண்டித்தார்கள். "குறைக்குப் பொறுப்பில்லை" என்ற நிபந்தனை எதுவரை செல்லும் என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தெரிஞ்ச குறையை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடு இல்லை.

2. சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று. நம்ம புடவை இந்த வகை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்ப வாங்கவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது. அதனால "நோ ரிட்டர்ன்" வரி இங்கே கேடயம் ஆகாது.

3. மனசு மாறிடுச்சு. பொருள் சரியாக இருக்கு, கலர் மட்டும் பிடிக்கலை. இதுக்கு அந்த விதிகளில் தனி உரிமை இல்லை. கடையின் ரிட்டர்ன் பாலிசிதான். ஷரீஅத்திலும் இது கட்டாயம் இல்லை. விற்றவர் மனமுவந்து திரும்ப எடுப்பது 'இகாலா', நன்மையான செயல்.

பணத்தை மீட்க என்ன செய்யணும்?

- பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க.
- குறை தெரிஞ்ச உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்க. தெரிந்த பிறகும் பயன்படுத்தினால், குறையோடு ஏற்றுக்கொண்டதாகவே ஃபிக்ஹில் கருதப்படும். ஷாஃபி மத்ஹபில் தாமதிக்காமல் திருப்ப வேண்டும்.
- தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லணும், ஒரு மாதத்தில் தீர்க்கணும்.
- நடக்கலையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்க.
- அதுக்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போடணும்.

வீட்டிலிருந்து விற்கிறீங்களா?

பழைய சைக்கிளை ஒருமுறை விற்பவருக்கு அந்த 2020 விதிகள் பொருந்தாது. தொடர்ந்து வியாபாரமாகச் செய்தால் வாட்ஸ்அப் வழியாக விற்றாலும் பொருந்தும். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதை 'நஜ்ஷ்' என்று இஸ்லாம் தடுக்கிறது. பொய் ரிவ்யூவும் அதே வேலையைத்தான் செய்யுது. விற்பவரே வாங்கினவர் போல ரிவ்யூ எழுதுவதை நம்ம சட்டமும் தடை செய்திருக்கு.

வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குக் கட்டிட்டு, "டேமேஜ்" என்று சொல்லிப் புடவையைத் திருப்பி அனுப்பினால் அதுவும் ஏமாற்றுதான். அந்த நஷ்டம் பல நேரம் ஒரு சின்ன வியாபாரியோட தலையில விழும்.

அடுத்த ஆர்டர் போடும் முன்னாடி ரிட்டர்ன் பாலிசியை ஒருமுறை படிச்சுடுங்க. உங்களுக்கு வந்தது மேலே சொன்ன மூணில் எந்த வகை என்று தெரிஞ்சுக்கிட்டாலே பாதிச் சண்டை குறையும்.