பழைய குரூப் வீணாகிவிடுமா?

கேள்வி: சிஏ இன்டரில் பழைய பாடத்திட்டத்தில் மகள் முதல் குரூப்பை முடித்தாள். திரும்ப எழுத வேண்டுமா?
– வாசகர், சிவகாசி

பதில்: வேண்டாம்.

பழைய பாடத்திட்டத்தில் கடைசித் தேர்வு 2023 நவம்பரில் நடந்தது. 2024 மே முதல் எல்லோருக்கும் புதியதுதான். முடித்த குரூப்புக்கு விலக்கு உண்டு. மிச்சத்தை எழுதினால் போதும். இன்டரில் எட்டுத் தாள்கள் ஆறாகச் சுருங்கியிருக்கின்றன.

ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2024 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கே இரண்டு வருடம். முன்பே சேர்ந்தவர்களுக்குப் பழையபடி மூன்று.

பயிற்சிக்குச் சிவகாசி ஆடிட்டர் அலுவலகம் கிடைத்தால் விடாதீர்கள். தீபாவளி முடிந்ததும் மேசையில் குவியும் பட்டாசு பில்கள், பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி, வராத பாக்கி: இவை எந்தப் புத்தகத்திலும் இந்த அளவுக்குக் கிடைக்காது. ஆர்டிகிள்ஷிப்பில் சேர்ந்த தேதியை மட்டும் பதிவுக் கடிதத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.