குடிநோயும் துணையும்

நங்கநல்லூரிலிருந்து அடையாறு நெடுந்தொலைவன்று. எனினும், அங்கு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனைக்குக் குடிநோயாளரை அழைத்துச் செல்லப் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தயங்குவதுண்டு. குடியை ஒழுக்கக்கேடாக மட்டுமே காணும் ஊரில் நாணமே முதல் தடை. அம்மருத்துவமனையே அத்தகைய துயரொன்றிலிருந்து தோன்றியதுதான். 1979இல் கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மறு ஆண்டே மீட்புப் பணியைத் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

குடியை விட உறுதிகொண்டவர், மனவலிமையை மட்டும் நம்பித் திடீரென நிறுத்துதல் ஆபத்தாகலாம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர்க்குக் கைந்நடுக்கமும் உறக்கமின்மையும் தோன்றும். சிலர்க்கு வலிப்பும் வரும். ஆகவே, முதல் நாள்களில் மருத்துவக் கண்காணிப்பு தேவை. உடல் தேறிய பின்னரோ மாலைப்பொழுதும் சம்பள நாளும் பழைய நண்பர்களும் சோதிப்பர். அப்போது கைகொடுப்பது, அதே துன்பத்தைக் கடந்தவரின் துணை. 1935இல் அமெரிக்காவில் இரு குடிநோயாளர் சந்தித்ததில் பிறந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ குழுக்கள் சென்னையிலும் கூடுகின்றன. அங்கு எவரும் முழுப்பெயர் கேட்பதில்லை; கட்டணமும் இல்லை. தத்தம் கதையைச் சொல்கின்றனர். பிறர் குறுக்கிடாமல் கேட்கின்றனர்.

குடும்பத்தார்க்கும் கற்க வேண்டியவை உண்டு. குடித்துக் கிடப்பவர்க்காக அலுவலகத்திற்குக் ‘காய்ச்சல்’ என்று சொல்லியனுப்பும் மனைவி, அன்பினாலேயே அவ்வாறு செய்கிறார். நோய் வளர்வதும் அந்த மறைப்பினுள்தான்.