எடுத்தால் மட்டும் போதாது

ஜமுனாமரத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

இயக்குநராக விரும்பும் நீ முதலில் அறிய வேண்டியவர், நம் மலைக்குக் கீழே வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். மோட்டார் உதிரிபாக வியாபாரியாக இருந்தவர், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளக் கற்றார். சென்னை புரசைவாக்கத்தில் ஸ்டுடியோ அமைத்து, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வத’த்தை எடுத்தார். பிலிம் கழுவ பெங்களூரில் தனிக்கூடம் வைத்தார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவ குசா’ என்று படங்கள் தொடர்ந்தன. 1923-இல் தீ விபத்தும் மகனின் மரணமும் அந்த உழைப்பை நிறுத்திவிட்டன. அவர் படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. ‘கீசக வதம்’ வந்த ஆண்டை 1916 என்பாரும் 1917, 1918 என்பாரும் உண்டு. படைப்பு அழிந்தால் அதன் தேதிகூட சர்ச்சைக்கு உரியதாகிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: படத்தைப் பாதுகாப்பதும் இயக்குநரின் வேலையே.

“நல்ல படமென்றால் தானே நிலைக்கும்” என்று நீ வாதிடலாம். சான்று அப்படிச் சொல்லவில்லை. நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ 1933-இல் வெளியானதும், அது தழுவிய நாவலின் பதிப்புரிமை வழக்கில் முடங்கியது. முடங்கிக் கிடந்த பிரதி 1974-இல் மீட்கப்பட்டு, பூனாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குச் சென்றது. அதைக் காப்பாற்றியது தரமன்று, வழக்கு. ஜப்பானிய சினிமாவின் தந்தை எனப்படும் மகினோ ஷோஸோ நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களிலும் மிகச் சிலவே மிஞ்சின. படங்களைக் காக்கவில்லை என்று நடராஜ முதலியாரைக் குறை சொல்வதும் நியாயமன்று. அன்றைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். ஓடி முடித்த பிரதிக்கு வணிகத்தில் மதிப்பில்லை. பூனா காப்பகம் தோன்றியதே 1964-இல்தான்.

“இப்போது எல்லாம் கைப்பேசியில் பத்திரமாக இருக்கிறதே” என்பாய். கைப்பேசி நீரில் விழுந்தால், மெமரி கார்டு பழுதானால், கணக்கின் கடவுச்சொல் மறந்தால் அதுவும் போயிற்று. ஆகவே நம் மலைவாழ் மலையாளி மக்களின் திருவிழாவையோ சாமை அறுவடையையோ நீ எடுக்கும்போது, இடம், நாள், பேசுபவர் பெயர் மூன்றையும் நோட்டில் எழுது. ஒரே காட்சியின் பிரதியை இரண்டு வேறு இடங்களில் வை. ஒன்றைப் பள்ளி நூலகத்துக்குக் கொடு. நடராஜ முதலியார் நல்ல இயக்குநரா என்று தீர்ப்பளிக்கும் வாய்ப்பை நாம் இழந்துவிட்டோம். உன் படத்தைப் பற்றி அந்தத் தீர்ப்பை வழங்கும் உரிமை உனக்குப் பின் வருபவர்களுக்கு உண்டு. அதை அவர்களுக்கு விட்டுவைப்பது உன் கடமை.

அன்புடன்,
உன் அண்ணன்