பழைய பைன்ஃபோனை ஓரங்கட்டும் முன்

2020-இல் கைக்கு வரத் தொடங்கிய பைன்ஃபோன், திறந்த மூல லினக்ஸில் ஓடும் கைப்பேசி. வயதாகி முரண்டு பிடித்தால் உடனே கைவிட்டுவிடாதீர்கள்.

முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஆறு சின்னஞ்சிறு சுவிட்சுகள் இருக்கும். சிக்னலே இல்லையென்றால் முதல் சுவிட்சைப் பாருங்கள். வைஃபை வராவிட்டால் இரண்டாவது, உங்கள் குரல் எதிர்முனைக்குப் போகாவிட்டால் மூன்றாவது. நான்கும் ஐந்தும் கேமராக்களுக்கு. பலரையும் அலைக்கழிப்பது ஆறாவதுதான். அது அணைந்திருந்தால் ஹெட்ஃபோன் துளை, கணினியோடு பேசும் சீரியல் இணைப்பாக மாறிவிடும், பாட்டு கேட்காது. போனை அணைத்துவிட்டு, ஊசிக்குப் பதில் பல்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள்.

கோளாறு மென்பொருளிலா, வன்பொருளிலா? கண்டுபிடிக்க அருமையான வழி ஒன்று இருக்கிறது. இந்தப் போன் உள்நினைவகத்துக்கு முன்பே மெமரி கார்டிலிருந்து துவங்கப் பார்க்கும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் அல்லது மோபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு காலி கார்டில் எழுதிப் போடுங்கள். அதில் எல்லாம் ஒழுங்காக ஓடினால், போனுக்குள் இருக்கும் மென்பொருளில்தான் பிழை. கார்டை எடுத்துவிட்டால் பழையபடி துவங்கும். உள்ளே இருக்கும் படங்களும் தொடர்பு எண்களும் அப்படியே இருக்கும். ஆனாலும் பெரிய அப்டேட்டுக்கு முன் அவற்றைப் படியெடுத்து வைப்பதை விடாதீர்கள்.

பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். 2015-இன் சாம்சங் கேலக்ஸி ஜே7 பேட்டரி இதற்குப் பொருந்தும். பழையது உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள். குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பில் சேருங்கள். புதியதை முழுக்கத் தீரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.